தூத்துக்குடியில் கொலைகாரன் யார்?

‘கொதிகலன் கொலை’ படத்தில் கொலைகாரன் யார் என்று அதை எடுத்தவர்களுக்கே தெரியாது. படம் ஓடுகிற ஊர்தான் அதை முடிவு செய்தது.

நீராவியில் டிராம் ஓடி, நீராவியில் மாவு அரைபட்டு, தியேட்டர் விசிறிகூட நீராவியில் சுற்றிய காலம் அது. மின்சாரம் என்ற ஒன்றை வானத்து மின்னலைத் தவிர வேறெங்கும் யாரும் கண்டதில்லை. அந்தக் காலத்தில்தான் தூத்துக்குடி இசபெல்லா மூச்சுமானியைச் செய்தாள். அவளுடைய அப்பா கப்பல் கொதிகலன் பழுது பார்த்தவர். அவள் மதராசில் இயந்திரப் படிப்பு படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். முப்பது வயதுக்கு மேலாகிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுப்பவர்களிடம் ஏதாவது ஒரு வால்வைக் காட்டி விளக்க ஆரம்பித்துவிடுவாள். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

மூச்சுமானி இப்படி வேலை செய்தது. தியேட்டரில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு ரப்பர் பை. சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் மூச்சு இழுத்தால் பை அமுங்கும். அந்த அழுத்தம் குழாய் வழியாக மாடியில் இருக்கும் பொறிக்குப் போகும். திரையில் ஒரு ஆளைப் பார்த்ததும் சபையே மூச்சைப் பிடித்தால் அந்த ஆளுக்கான முள் மேலே ஏறும். ஜனங்கள் அவரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தம். இடைவேளையில் பொறி எல்லா முட்களையும் கூட்டிக் கழித்து, யார்மேல் சந்தேகமே இல்லையோ அவரைக் கொலைகாரனாகத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் கடைசி ரீல் தானாகவே வந்து உட்காரும். எந்த ஊரிலும் எவரும் முடிவை ஊகிக்க முடியாது. படத்தை எடுத்த பொன்னுலிங்கம் அண்ணாச்சி இந்த யோசனையைக் கேட்டதும் தன் தியேட்டரையே இசபெல்லாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

படத்தில் ஓர் ஆலை முதலாளி கொதிகலன் அறையில் செத்துக் கிடப்பார். கொன்றது மனைவியா, மேனேஜரா, சமையல்காரனா, குடும்ப டாக்டரா? ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். துப்பறிவாளராக நடித்த வசந்தரூபனுக்கு வயிறு எரிந்தது. “எல்லாருக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சீன் இருக்கு. எனக்கு மட்டும் இல்லையா?” என்று சண்டை போட்டு, துப்பறிவாளரே கொலைகாரன் என்று ஒரு முடிவும் எடுக்க வைத்தார். மனுஷன் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அண்ணாச்சிக்குப் பயம். அதனால் சரியென்று விட்டார்.

படம் முதலில் வெளியூர்களில்தான் ஓடியது. மதுரை, திருச்சி, கோவை என்று எல்லா ஊரிலும் மூச்சுமானியை மாட்டிவிட்டு வந்தாள் இசபெல்லா. கடைசியாகத் தூத்துக்குடி. முதல் காட்சி அன்று மத்தியானம் அவள் பொறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, டாக்டராக நடித்த கோலப்பன் படியேறி வந்தார். நாற்பதை நெருங்கும் மனிதர். குழந்தைகள் தானாக வந்து மடியில் ஏறிக்கொள்ளும் முகம். அந்த முகம் அன்றைக்கு வாடியிருந்தது.

“தங்கச்சி, ஒரே ஒரு உதவி. இந்த ஊர்ல மட்டும் நான் கொலை பண்ணாம இருக்கணும்.”

இசபெல்லா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“மதுரையில நாந்தான் கொலைகாரன். திருச்சியில நாந்தான். கோயம்புத்தூர்ல நாந்தான். லாட்ஜுல ரூம் கேட்டா, ‘மருந்து பாட்டில் ஏதும் வச்சிருக்கியளா’ன்னு கேக்கான். ரயில்ல ஒரு அம்மா எம்பக்கத்துல இருந்து பிள்ளையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போய்ட்டாங்க. நான் அந்தப் பிள்ளைக்கு முறுக்கு குடுத்துட்டிருந்தேன் தங்கச்சி.”

“அண்ணே, எல்லா ஊர்லயும் நீங்கதான்னா இதுக்குள்ள ஊர் பூரா பேச்சு பரவியிருக்குமே. ரெண்டாவது வாரம் வர்றவங்க உங்களச் சந்தேகப்பட்டிருக்கணும். முள்ளு ஏறியிருக்கணும்.”

“ஏறலியே!”

இசபெல்லாவுக்கு அதுதான் புரியாமல் இருந்தது. வெளியூர்க் கணக்குகளை அவளும் பார்த்திருந்தாள். பொறியில் கோளாறு இல்லை. கோலப்பனின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

“வாய் சொல்றத இது கேக்காது அண்ணே, மூச்சதான் கேக்கும். நீங்கதான் கொலகாரன்னு தெரிஞ்சே டிக்கெட் எடுத்துட்டு வர்றாங்க. திரையில உங்க மொகத்தப் பாத்ததும் அவங்க ஒடம்பு மறந்துருது. நிம்மதியா மூச்சு விடுறாங்க. வெளிய போனப்புறந்தான் ஞாபகம் வந்து திட்டுறாங்க.”

“அப்போ நான் நல்லவனா இருக்கறதுக்குத்தான் இந்தத் தண்டனையா?”

இசபெல்லா மறுபடி எண்ணெய்க் குப்பியை எடுத்தாள்.

கோலப்பன் விஷயத்துக்கு வந்தார். படத்தில் டாக்டரைக் கிரேனில் தூக்கிக் கப்பலில் இறக்குகிற காட்சி ஒன்று உண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் எடுத்தார்கள். நீராவிக் கிரேனை ஓட்டியவள் உலகம்மை. மூன்று நாள் அவரைக் கொக்கியில் தொங்கவிட்டு ஏற்றி இறக்கினாள். ஒவ்வொரு முறையும் அவர் தலைகீழாகத் தொங்கியபடியே, “ஒங்களுக்குக் கை வலிக்கலியா?” என்று கேட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவளே வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டாள். அம்மா அப்பா இல்லாத வீடு. அண்ணன் சுடலைமுத்துதான் எல்லாம். படம் வெளியூர்களில் ஓடியதும் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

“‘ஊர் ஊரா கொலகாரன்னு பேரெடுத்த ஆளுக்கு என் தங்கச்சியக் குடுத்தா தெருவுல என்ன பேசுவாவ? நம்ம ஊர்லயும் இவருதான் கொலகாரன்னு வந்துட்டா பேச்ச விட்டுரணும்’னு சொல்லிட்டார். இன்னைக்கு ஆறு மணி ஆட்டத்துக்கு அவங்க தெருவே வருது” என்றார் கோலப்பன். “ஒரு ஸ்குரூவ நீ லேசாத் திருப்பினாப் போதும்.”

இசபெல்லாவின் கை எண்ணெய்க் குப்பியோடு அப்படியே நின்றது. திருப்புவது சுலபம். ஆனால் அதே ஆட்டத்துக்குப் போலீஸ் சூப்பிரண்டெண்ட் தளவாய் வரப்போகிறார். மூச்சுமானியை நீதிமன்றங்களுக்கு வாங்கலாமா என்று பார்க்க வருகிறார். குற்றவாளிக் கூண்டில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு ரப்பர் பை. கேள்வி கேட்டதும் மூச்சு சிக்கினால் குற்றவாளி. அது நடந்தால் அண்ணாச்சி போட்ட முதலெல்லாம் திரும்பிவிடும். அவளுக்குத் தனிப் பட்டறையே கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

“முடியாதுண்ணே. இன்னைக்கு நான் திருப்பினா, நாளைக்கு இத வச்சு ஒருத்தன ஜெயிலுக்கு அனுப்புறவனும் திருப்புவான். மன்னிச்சிருங்க.”

கோலப்பன் வற்புறுத்தவில்லை. “சரி தங்கச்சி. நான் இங்ஙனயே ஒரு மூலையில உக்காந்துக்கிடுதேன். கீழ இருந்து பாக்கத் தைரியம் இல்ல” என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணிக்கு முன்பே அரங்கு நிரம்பிவிட்டது. துறைமுகத்துக் கூட்டம் பாதிக்கு மேல். உலகம்மை நடு வரிசையில், அண்ணனுக்கும் அண்ணிக்கும் இடையில் உட்கார்ந்திருந்தாள். சூப்பிரண்டெண்ட் தளவாய் பால்கனியில் தனியாக, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. முதலில் ஆலை முதலாளியின் மனைவி வந்தாள்; அவளுடைய முள் கொஞ்சம் ஏறியது. மேனேஜரும் சமையல்காரனும் வந்தார்கள், அவர்களுக்கும் ஏறியது. துப்பறிவாளர் வசந்தரூபன் புகை நிறக் கோட்டும் பித்தளைக் கண்ணாடியுமாக வந்தபோது விசில் பறந்தது. முள் அடியிலேயே கிடந்தது. பிறகு, மருந்துப் பெட்டியோடு டாக்டர் வந்தார்.

டாக்டரின் முள் துள்ளிக் குதித்தது.

இசபெல்லா திடுக்கிட்டாள். எங்கோ குழாயில் ஓட்டை என்று நினைத்து மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. டாக்டர் ஒரு குழந்தைக்கு மருந்து கொடுத்தார், முள் ஏறியது. டாக்டர் சும்மா தும்மினார். முள் இன்னும் ஏறியது. கிரேன் காட்சியில் அவர் கொக்கியில் தொங்கியபோது முள் அளவுக்கோட்டின் கடைசியைத் தொட்டு அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

“என்ன தங்கச்சி, என்ன ஆச்சு?” என்றார் மூலையிலிருந்து கோலப்பன்.

“இந்த ஊரே உங்களச் சந்தேகப்படுது அண்ணே.”

கோலப்பனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவருக்கு அதில் ஆதாயம்தான். ஆனாலும் உலகம்மையின் ஊர் தன்னை இவ்வளவு மோசமாக நினைக்கிறதே என்று முகம் சுருங்கிவிட்டது.

இடைவேளையில் பொறி உறுமியது. பல்சக்கரங்கள் சுற்றின, நீராவி சீறியது, ரீல்கள் அடுக்கியிருந்த உருளை மெதுவாகத் திரும்பி நின்றது. இசபெல்லா எட்டிப் பார்த்தாள். வந்து உட்கார்ந்திருந்தது வசந்தரூபனின் ரீல்.

கடைசிக் காட்சியில் துப்பறிவாளர் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி, ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டி, கடைசியில் தன் பித்தளைக் கண்ணாடியைக் கழற்றி, “கொன்றவன் நான்தான்” என்றார். தியேட்டர் கூரையே போய்விடும்போல ஒரு கூச்சல். வசந்தரூபன் ரசிகர்கள் இரண்டு பேர் மயங்கிச் சரிந்தார்கள். சுடலைமுத்து நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

சூப்பிரண்டெண்ட் தளவாய் மாடிக்கு வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அருமைம்மா. மத்த ஊர்ல எல்லாம் கொலைகாரன் அந்த டாக்டர்தானாமே. யாரும் சொல்லித் தராம, இந்த ஜனங்களுக்கு அவர்தான் உண்மையான குற்றவாளின்னு மூச்சுலயே தெரிஞ்சிருக்கு. உங்க பொறி அதைப் புடிச்சிருச்சு. அண்ணாச்சி ரூம்ல பத்திரத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்க. காபி குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன்.”

அவர் இறங்கிப் போனதும் உலகம்மை மூச்சு வாங்க மேலே ஓடி வந்தாள். கிரேன் லிவர் பிடித்துக் காய்ப்பேறிய கை. அந்தக் கையால் கோலப்பனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இங்ஙனயா ஒளிஞ்சு கெடக்கீய? அண்ணன் தேடுதாவ. கீழ வாங்க!”

“ஒங்க ஊர்க்காரங்களுக்கு என்னயப் பிடிக்கலியே, உலகு” என்றார் கோலப்பன். “பொறி சொல்லிருச்சு. நான் வந்தாலே எல்லாரும் மூச்சப் பிடிக்காங்களாம்.”

“பிடிக்காம? ஒங்களக் காட்டும்போதெல்லாம் எங்க தெருவுக்கே உசிரு தொண்டையில வந்து நின்னுச்சு! ‘எய்யா, இவருதான்னு வந்துரக் கூடாதே’ன்னு மதினி வாயில முந்தானைய வச்சிக்கிட்டு இருந்தாவ. அண்ணன் இருக்காவள்லா, வேண்டாம் வேண்டாம்னு குதிச்சவிய, நீங்க தும்முனதுக்கு எங் கையப் பிடிச்சு நசுக்கிட்டாவ. இங்க பாருங்க.”

கோலப்பன் அவள் கையைப் பார்த்தார். உண்மையிலேயே சிவந்திருந்தது. அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

இசபெல்லா டாக்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது இப்போது கீழே இறங்கி அமைதியாக இருந்தது. ஒரு தெருவே ஒரு மனிதனுக்காகப் பதறியிருக்கிறது. அவள் பொறி அதைச் சந்தேகம் என்று எழுதிக்கொண்டது. ஒருவரைப் பார்த்துப் பயப்படும் மூச்சும், ஒருவருக்காகப் பயப்படும் மூச்சும் ரப்பர் பைக்கு ஒன்றுதான். இத்தனை மாதத்தில் அவளுக்கு அது ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

கீழே பத்திரம் காத்துக்கொண்டிருந்தது. சும்மா இருந்துவிட்டால் பட்டறை அவளுக்கு. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. உலகம்மையும் கோலப்பனும் கைகோத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். இசபெல்லா கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி, அண்ணாச்சி அறைக்குள் நுழைந்தாள்.

“ஐயா, கையெழுத்துப் போட வேண்டாம்.”

பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. “எம்மா, என்னம்மா சொல்லுத?”

“இந்தப் பொறிக்கு ஒண்ணுமே தெரியாது அண்ணாச்சி. ஐயா ரெண்டு நிமிஷம் அரங்குக்கு வந்தா காட்டிர்றேன்.”

காலியான அரங்கில், சிறிய முள் ஒன்று பொருத்திய சோதனை நாற்காலியில் தளவாயை உட்காரவைத்தாள். இந்த முறை அவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

“ஆலை முதலாளியக் கொன்னது நீங்களா ஐயா?”

தளவாய் சிரித்தார். முள் அசையவில்லை.

அடுத்ததைக் கேட்க இசபெல்லாவுக்கு மனம் வரவில்லை. அவருடைய மகள் மங்கையர்க்கரசி கொழும்பு வான்கப்பலை ஓட்டப் பயிற்சி எடுத்து, அன்றுதான் முதல்முறை தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. இருந்தாலும் கேட்டாள்.

“சாயங்காலமே வரவேண்டிய கொழும்புக் கப்பல் இன்னும் வந்து சேரலயாமே ஐயா?”

தளவாயின் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. முப்பது வருஷப் போலீஸ் முகம். ஆனால் அவர் காதருகே இருந்த முள் கோட்டின் கடைசிவரை போய் இடித்து நின்றது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். தளவாயும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“இப்போ நீங்க என்ன குத்தம் பண்ணுனீங்க ஐயா?” என்று இசபெல்லா மெதுவாகக் கேட்டாள். “பயம்னு மட்டுந்தான் இதுக்குச் சொல்லத் தெரியும். திருடுனவனும் பயப்படுவான். திருடாத பிள்ளையப் புடிச்சுட்டுப் போனா, அதோட அம்மாவும் பயப்படுவா. கூண்டுல நிக்கிற ஒருத்தன் தன் வீட்டு ஞாபகத்துல மூச்சப் பிடிச்சா, அதுக்காக நீங்க அவன உள்ள வைப்பீங்களா?”

தளவாய் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, “காத்து எதிர்த்திசையில அடிக்குது. அதான் லேட்டு. அவ நல்லா ஓட்டுவா” என்றார்.

“கண்டிப்பா ஐயா.”

அந்த நேரம் கடல் பக்கமிருந்து நீளமாக ஒரு ஊதல் சத்தம் கேட்டது. தளவாய் எழுந்தார். தொப்பி கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் வாசலைப் பார்த்து நடந்தார். வாசல் தாண்டியதும் ஓடினார். சூப்பிரண்டெண்ட் ஓடி அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. தெருவில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் கலவரம் என்று நினைத்து அவர் பின்னாலேயே ஓடினார்கள்.

அண்ணாச்சி தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். “பத்திரம் போச்சு” என்றார்.

“போச்சு அண்ணாச்சி.”

“பட்டறையும் போச்சு.”

“தெரியும் அண்ணாச்சி.”

“நான் கோவத்துல கத்தணும். கத்துனா இந்தச் சனியன் முள்ளு என்ன காட்டும்னு யோசிக்கேன். அதுல கோவம் ஆறிப் போச்சு” என்றவர், கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். “சரி, நாளைக்கு ஆட்டத்துக்கு என்ன செய்ய? இத அப்படியே ஓட்டலாம்லா? சினிமாதான, கோர்ட்டா?”

இசபெல்லா வரிசை வரிசையாக நின்ற நாற்காலிகளைப் பார்த்தாள். “அவங்களக் கேக்காமலே அவங்க நெஞ்சுக்குள்ள கைய விட்டுட்டோம் அண்ணாச்சி. டிக்கெட்ல அது எழுதியிருக்கா? கழட்டிர்றேன். அவங்க வாயாலயே கேட்ருவோம்.”

ரப்பர் பைகளைப் பிடுங்க ஒரு வாரம் ஆனது. அதே குழாய்களில் இப்போது விசில்களை மாட்டினாள். ஆளுக்கு ஒரு குரல். மனைவிக்குக் குயில் மாதிரி, மேனேஜருக்குத் தவளை மாதிரி, சமையல்காரனுக்குக் குக்கர் மாதிரி. ஒவ்வொரு நாற்காலிக்கும் இழுக்க வண்ணக் கயிறுகள். இடைவேளையில் அவரவருக்கு வேண்டிய கொலைகாரனின் கயிற்றை இழுக்கலாம். எந்த விசில் ஓங்குகிறதோ அந்த ரீல் ஓடும்.

முதல் நாளே பெரிய ரகளை. முன்வரிசை மேனேஜரைக் கேட்டது, பால்கனி மனைவியைக் கேட்டது. சமாதானம் ஆகவே அரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் அண்ணாச்சியின் சுக்குக் காபி இரண்டு அண்டா காலி. ஜனங்கள் மறுநாளும் வந்தார்கள், வேறு கொலைகாரனைக் கேட்பதற்காக. மூன்றாம் வாரம் மதுரையிலிருந்து விசில் கேட்டு ஆள் வந்துவிட்டது. விசில் செய்ய ஒரு இடம் வேண்டுமே என்று அண்ணாச்சி தியேட்டருக்குப் பின்னால் கொட்டகை போட ஆரம்பித்தார். அதைப் பட்டறை என்று மட்டும் அவர் வாயால் சொல்லவில்லை.

கோலப்பனுக்கும் உலகம்மைக்கும் துறைமுகத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. கிரேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊதின. தளவாய் மகளோடு வந்து, மாப்பிள்ளையிடம் கைகுலுக்கினார். தூத்துக்குடி ஜனங்கள் அதற்குள் கோலப்பனை டாக்டராகவே ஆக்கிவிட்டிருந்தார்கள். பந்தியில் இரண்டு பேர் அவரிடம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் புதுத் தம்பதி வந்தார்கள். சுடலைமுத்தும் தெருக்காரர்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இசபெல்லாவும் அன்றைக்குக் கீழேதான் இருந்தாள். பொறி இனி தானாக ஓடும். இடைவேளை மணி அடித்ததும் உலகம்மை கயிறுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு டாக்டரின் கயிற்றைப் பலமாக இழுத்தாள்.

கோலப்பன் பதறிப்போனார். “ஏ உலகு! அது என் கயிறு!”

“தெரியும்.”

“நாந்தான் கொலகாரன்னு ஆயிரும்!”

“ஆவட்டும். நீங்க குத்தத்த ஒத்துக்கிடுற சீனுதான் படத்துலயே ஒசத்தின்னு மதுரையில இருந்து வந்தவிய சொல்லுதாவ. ஒங்க மேல உள்ள பாசத்துல நம்ம ஊர்ல ஒருத்தரும் இந்தக் கயித்த இழுக்கல, அதப் பாக்கவே இல்ல. கட்டிக்கிட்ட எனக்காவது காட்ட வேண்டாமா?” என்றவள், அந்தப் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்களும் இழுங்க.”

சுடலைமுத்து மச்சானை ஒரு பார்வை பார்த்தார். கயிற்றைப் பிடித்தார். இழுத்தார். அவர் இழுத்ததும் தெருவே இழுத்தது. டாக்டரின் விசில் துறைமுகத்துச் சங்குபோல அரங்கு முழுக்க ஊதியது. கோலப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகத் திரையைப் பார்த்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் டாக்டர் மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்து, “நான்தான்” என்றார். அரங்கில் ஒருவரும் அசையவில்லை. உலகம்மை முன்னால் சாய்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இசபெல்லா தன் பழக்கத்தில் மாடிப் பக்கம் தலையை உயர்த்தினாள். அங்கே இப்போது முட்கள் எதுவும் இல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, தானும் படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.